சாலையோரம் நிற்கும் நாம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

சாலையோரம் நின்று பந்தயம் பார்க்க நம் மதுரைச் சீமைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மாட்டுவண்டிப் பந்தயம் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டால் போதும். பொழுது விடியுமுன்னே வேப்பமரத்தடி, பாலத்துத் திட்டு, மாடிச் சுவர் எங்கும் தலைகள் தெரியும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்ற பிரிவுகளைப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத பாட்டனாரும் பிழையின்றிச் சொல்லுவார். எந்த ஊர் மாடு, யார் சாரதி, போன ஆண்டு எங்கே கொடி வாங்கியது, இன்று எந்தத் திருப்பத்தில் முந்தும் என்றெல்லாம் பக்கத்தில் நிற்பவரோடு வாதாடுவார். வண்டி நம்மைக் கடந்து போவது சில நொடிகள்தாம். அந்தச் சில நொடிகளுக்காகச் சில மணி நேரம் காத்து நிற்கும் பொறுமையும், பின்னர்ப் பல நாள் அதையே பேசி மகிழும் ஆர்வமும் நம்மிடம் நிரம்ப உண்டு.

இப்படிப்பட்ட ரசிகர்களாகிய நம்மை நோக்கி ஒரு கேள்வியை இந்த ஆண்டு மலரின் வாயிலாக எழுப்ப விரும்புகிறேன். அதே சாலையில் ஒரு பெண் சைக்கிளில் வேகமாக வந்தால் நாம் எதைப் பார்க்கிறோம்? வேகத்தையா, பெண்ணையா?

பிரான்சு நாட்டுச் சாலைகளில்

பிரான்சு நாட்டில் கோடைக்காலத்தில் பெண்களுக்கான நெடுந்தூரச் சைக்கிள் பந்தயம் ஒன்று நடைபெறுகிறது. 'டூர் டி பிரான்ஸ் ஃபெம்' என்பது அதன் பெயர். ஒரே நாளில் முடிந்துவிடும் ஓட்டம் அன்று அது. 2022 முதல் 2024 வரை எட்டுக் கட்டங்களாகவும், 2025-ஆம் ஆண்டில் ஒன்பது கட்டங்களாகவும் நடந்தது. ஒரு கட்டமே பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்த் திரும்பினால் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம். அதுவும் மலைமேல் ஏறி இறங்கி! எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றி பெற்றவர். அன்றன்று முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார்.

இதில் அணி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இயற்பியல் படிப்பவர்களுக்கு விடை எளிது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. ஆகவே சமதளச் சாலையில் வேகமாகச் செல்பவர் தம் உழைப்பில் பெரும் பகுதியைக் காற்றோடு போராடியே செலவிடுகிறார். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னே ஒட்டினாற்போல் வருபவருக்குச் சிரமம் வெகுவாகக் குறையும். அணித் தலைவிக்காக மற்றவர்கள் மாறி மாறி முன்னே சென்று காற்றை ஏற்பதும், கடைசி மலையில் தலைவியை முன்னே அனுப்பிவிட்டுத் தாங்கள் பின்தங்குவதும் இந்த ஆட்டத்தின் நுட்பம். இதை அறிந்து பார்ப்பவருக்குத்தான் பந்தயம் விளங்கும். அறியாமல் பார்ப்பவருக்குச் சைக்கிள்கள் கடந்து போவது மட்டுமே தெரியும்.

சாலையோரம் நின்று இதைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வேலி கட்டிய அரங்கமும் இல்லை. நம் மாட்டுவண்டிப் பந்தயம் போலவே சாலைதான் மைதானம், ஓரம்தான் இருக்கை. குழந்தை குட்டிகளோடு வந்து, வீராங்கனைகளின் பெயர்களைத் தார்ச்சாலையில் சுண்ணமும் சாயமும் கொண்டு எழுதிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

நான்கு நொடிகள்

"பெண்கள் பந்தயத்தில் என்ன விறுவிறுப்பு இருக்கப்போகிறது?" என்பாரும் உளர். அவர்களுக்கு 2024-ஆம் ஆண்டுப் பந்தயத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நெதர்லாந்து நாட்டு டெமி வோலரிங் முந்திய ஆண்டின் வெற்றியாளர். ஐந்தாம் கட்டத்தில், மஞ்சள் சட்டையோடு போய்க்கொண்டிருந்தபோது, கீழே விழுந்தார். அடிபட்டு எழுந்து ஓட்டி முடிப்பதற்குள் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்துவிட்டார். அன்றைய கட்டத்தை வென்றவரோ அவருடைய அணியையே சேர்ந்த பிளாங்கா வாஸ்! தலைவி விழுந்து கிடக்க அணி ஏன் காத்திருக்கவில்லை என்று ரசிகர் உலகமே இரண்டுபட்டு வாதாடியது.

கடைசிக் கட்டம் ஆல்ப் டியூஸ் என்ற மலையுச்சியில் முடிந்தது. அன்று காலை போலந்து நாட்டுக் காஷா நெவியாதோமா, வோலரிங்கைவிட 1 நிமிடம் 15 நொடி முன்னிலையில் இருந்தார். வோலரிங் மலையேறி அந்தக் கட்டத்தை வென்றார். அதற்காக அவருக்கு 10 நொடி சலுகை கிடைத்தது. நெவியாதோமா 1 நிமிடம் 1 நொடி பின்னால் வந்து சேர்ந்தார். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: எழுபத்தைந்தில் அறுபத்தொன்றும் பத்தும் போனால் மிச்சம் நான்கு. எட்டுக் கட்டங்கள் ஓட்டி, நான்கே நொடியில் வெற்றி! 1903-இல் தொடங்கிய ஆண்கள் பந்தயத்தின் வரலாற்றில் இருக்கும் மிகக் குறைந்த வித்தியாசமே 1989-இல் வந்த 8 நொடிதான். விறுவிறுப்பு யாரிடம் குறைவு என்று நண்பர்களே முடிவு செய்யட்டும்.

இங்கே நான் குறிக்க விரும்புவது வாதத்தின் தன்மையை. காத்திருந்திருக்க வேண்டுமா கூடாதா, எந்த மலையில் யார் தவறவிட்டார் என்றுதான் ரசிகர்கள் சண்டையிட்டார்கள். அது மரியாதையான சண்டை. கரிச்சான் மாட்டைப் பற்றி நம் பாட்டனார் போடும் சண்டையைப் போன்றது.

அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2025-இல் பிரான்சு நாட்டுப் பவுலின் ஃபெரான் பிரெவோ வென்றார். ஆண்கள் பந்தயத்தில் 1985-க்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக்காரரும் வெற்றி பெற்றதில்லை. ஆகவே சொந்த மண்ணில் அந்தப் பெண் மஞ்சள் சட்டையோடு நின்றபோது மக்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆனால் ஆரவாரம் அடங்குமுன்னே பேச்சு அவருடைய உடல் எடைக்குத் திரும்பியது. மலையேறுவதற்காக எடையைக் குறைத்ததாக அவரே சொன்னார். தாம் அப்படி மெலிய விரும்பவில்லை என்றார் வோலரிங். உடல்நலம் கருதி நடந்த வாதம் என்ற அளவில் அது தேவையானதே. எனினும் பெண் வென்றாலும் தோற்றாலும் அவள் உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் வழக்கம் கடல் கடந்தும் இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கையெழுத்தால் பிறந்த பந்தயம்

இந்தப் பந்தயம் தானாக முளைத்ததன்று. 1955-இல் ஒருமுறை பெண்களுக்கு ஐந்து கட்டங்கள் நடந்து, அத்தோடு நின்றது. 1984-இல் மீண்டும் தொடங்கியது. அமெரிக்கப் பெண் மரியான் மார்ட்டின் வென்றார். ஆண்கள் வருவதற்கு முன்னால் அதே சாலைகளில் பெண்கள் ஓட்டிச் சென்றார்கள். ஆண்களைப் பார்க்கக் காத்திருந்த கூட்டம் பெண்களையும் பார்த்துக் கைதட்டியது. ஆனால் 1989-க்குப் பின் அமைப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். வேறு பெயர்களில் நடந்துவந்த பந்தயமும் 2009-க்குப் பிறகு நின்றுபோயிற்று.

பிறகு என்ன நடந்தது? 2013-இல் கேத்ரின் பெர்டைன், மரியான் வோஸ், எம்மா பூலி, கிறிஸ்ஸி வெலிங்டன் என்ற நான்கு வீராங்கனைகள் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அதில் கையொப்பமிட்டார்கள். மறு ஆண்டே பாரிசில் ஒருநாள் பந்தயம் வந்தது. 2022-இல் முழுப் பந்தயம் திரும்பி வந்தது. வீராங்கனைகள் கேட்டார்கள், ரசிகர்கள் உடன் நின்றார்கள், அமைப்பாளர்கள் இசைந்தார்கள். ரசிகர் என்பவர் வேடிக்கை பார்ப்பவர் மட்டும் அல்லர். நாங்கள் பார்க்க இருக்கிறோம் என்று சொல்லி ஆட்டத்தையே வரவழைக்கக் கூடியவர். (அப்படியும் 2022-இல் முதற்பரிசு பெண்ணுக்கு 50,000 யூரோ, ஆணுக்கு 5,00,000 யூரோ. போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது!)

புதுக்கோட்டை காட்டிய வழி

"அது வெள்ளைக்காரர் நாடு, நமக்குச் சரிப்படுமா?" என்று கேட்பவர்கள் சிவகங்கையைத் தாண்டிப் புதுக்கோட்டைக்குப் போய்க் கேட்கட்டும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். கல் உடைக்கும் பெண்கள், செயற்கை வைரம் பட்டை தீட்டும் பெண்கள், பள்ளி ஆசிரியைகள், பால்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

1992 மார்ச் 8, உலக மகளிர் நாளில், கைப்பிடியில் கொடி கட்டி, மணியை ஒலித்துக்கொண்டு 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரைச் சைக்கிளில் வலம் வந்தார்கள். அது பந்தயமன்று, ஆனால் சாலையோரம் நின்ற கூட்டம் ஒன்று அன்று மாறிப்போனது. தொடக்கத்தில் ஏச்சும் ஏளனமும் இருந்தன. ஒழுக்கத்தைப் பழித்துப் பேசியவர்களும் இருந்தார்கள். ஓட்டுபவர்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பெருகப் பெருக ஏளனம் செய்வதற்கு ஆள் குறைந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதினார். அவருடைய கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்று, வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பாடமாகப் படித்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எங்கள் வாடிப்பட்டியில்

காலை எட்டரை மணிக்கு எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் நின்று பாருங்கள். பெரியாறு வாய்க்கால் கரைகளிலும் ஊர்ச் சாலைகளிலும் சீருடை அணிந்த பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போவார்கள். 2001-02-இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, 2005-06-இல் எல்லார்க்கும் விரிந்த இலவசச் சைக்கிள் திட்டத்தின் பயன் இது. என் தாயாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அப்பாவின் கேரியரில் உட்கார்ந்துதான் பழக்கம். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பேருந்து நேரத்துக்கு வராத ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தச் சைக்கிள்தான்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாள் அந்தச் சைக்கிள்கள் எங்கே போகின்றன? தம்பியிடம் போகிறது, பால் கேன் கட்டப் போகிறது, அல்லது திண்ணையோரம் காற்றில்லாமல் சாய்ந்து கிடக்கிறது. "வயசுப் பிள்ளை, இனி எதற்குச் சைக்கிள்?" என்கிறார்கள் வீட்டில். வீட்டாரைக் குறை சொல்வதில் பயனில்லை. வழியிலே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை அவர்கள் அறிவார்கள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து ஆரன் அடிப்பதையும், பாவாடை செயினில் மாட்டினால் கைகொட்டிச் சிரிப்பதையும் வாய்க்கால் கரையில் போன ஒவ்வொரு பெண்ணும் அனுபவித்திருக்கிறாள். ஆக, பெண்ணைச் சைக்கிளிலிருந்து இறக்குவது வீடல்ல, சாலையோரம்.

2022-இல் பிரான்சுப் பந்தயத்தை வென்ற ஆனமீக் வான் ஃப்ளூட்டனுக்கு வயது 39. ஃபெரான் பிரெவோவுக்கு 33. எங்கள் ஊர்ப் பெண் பதினேழு வயதில் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறாள். காலில் வலுவில்லாமலா இறங்குகிறாள்? தலையில் குடமும் இடுப்பில் குடமுமாக நடந்த கால்கள் அவை!

ஆண்டுதோறும் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மாணவ மாணவியருக்குச் சைக்கிள் போட்டி நடைபெறுகிறது. விலையுயர்ந்த வெளிநாட்டுச் சைக்கிள் வேண்டாம். இந்தியாவில் செய்த சாதாரணச் சைக்கிள் போதும் என்பது அதன் சிறந்த விதி. பள்ளியில் கிடைத்த சைக்கிளைக்கொண்டே ஒரு பெண் ஓட்டலாம். ஆனால் பெண்கள் பிரிவைப் பார்க்கச் சாலையோரம் எத்தனை பேர் நிற்கிறார்கள்? பெற்றோர் சிலர், உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர். மற்றவர்கள் ஏன் போக்குவரத்து நின்றது என்று கேட்பவர்கள். பதினேழு வயதுக்குட்பட்ட மாணவர்க்கு 20 கிலோமீட்டர், மாணவியர்க்கு 15 கிலோமீட்டர் என்று வைத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஐந்து கிலோமீட்டரை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்க ரசிகர்கள் இருந்தால் அதுவும் ஒருநாள் கிடைக்கும்.

சில மறுப்புகள்

"கூட்டம் கூடினால் கலாட்டாதான் மிஞ்சும், பெண்களுக்கு அது பாதுகாப்பல்ல" என்பது ஒரு மறுப்பு. ஒழுங்கில்லாத அன்பும் ஆபத்தே என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2021-இல் ஆண்கள் பந்தயத்தின் முதல் கட்டத்தில், தொலைக்காட்சியில் தெரிய வேண்டும் என்று ஒரு பார்வையாளர் அட்டையை நீட்டிக்கொண்டு சாலைக்குள் நிற்க, முன்னால் வந்தவர் அதில் மோதி, பின்னால் வந்தவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். நம் ஊரிலும் மாட்டுவண்டிகளுக்குப் பின்னே மோட்டார் சைக்கிள் படை துரத்துவதைப் பார்க்கிறோம். ஆனால் இதற்கு மருந்து கூட்டத்துக்குப் பழக்கம் கற்றுக்கொடுப்பதேயன்றிப் பெண்களை வீட்டில் வைப்பதன்று. யாருமற்ற சாலையில் தனியே போகும் பெண்ணைவிட, இருபுறமும் கைதட்டும் மக்கள் நடுவே போகும் பெண்ணுக்கே பாதுகாப்பு மிகுதி.

"சோற்றுக்கு வழி தேடும் நாட்டில் பந்தயம் எதற்கு?" என்பது இன்னொரு மறுப்பு. சோற்றுக்கு வழி தேடிப் போகும் பெண்ணுக்குத்தான் சைக்கிள் முதலில் வேண்டும். பந்தயத்தில் ஓட்டும் பெண்ணைப் பார்த்துக் கைதட்டப் பழகிய கண்கள், வேலைக்கு ஓட்டிப் போகும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கா. அதற்காகத்தான் பந்தயம் வேண்டும் என்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. அடுத்த ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் மாணவியருக்குச் சைக்கிள் பந்தயம் ஒன்று சேர்க்கப்பட வேண்டும். 'மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி' என்று பெண்களுக்கு ஒதுக்கும் வேடிக்கை வேண்டாம். வேகப் பந்தயமே வேண்டும். மாணவருக்கு எத்தனை கிலோமீட்டரோ அத்தனை கிலோமீட்டரே மாணவியருக்கும் வேண்டும். மைதானத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டாமல், காவல் துறையினரின் அனுமதியோடு, விடியற்காலையில் ஊர்ச் சாலையில் நடக்க வேண்டும். ஊர் மக்கள் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஓட்டுபவரின் பெயர், ஊர், நேரம் இவற்றை மட்டும் அறிவிக்க வேண்டும். தேசிய மாணவர் படையினரும் நாட்டு நலப்பணித் திட்டத்தினரும் சாலையோரக் கூட்டத்தை ஒழுங்குசெய்ய முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

ஓட்ட விரும்பாத மாணவியரும் மாணவர்களும் சாலையோரம் வந்து நில்லுங்கள். யார் முன்னே காற்றை ஏற்கிறார், யார் பின்னே ஒதுங்கி வலுவைச் சேமிக்கிறார், யார் கடைசித் திருப்பத்தில் பாய்கிறார் என்று பாருங்கள். பிடித்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துங்கள். முடிந்தபின் மரத்தடியில் உட்கார்ந்து, நொடிக் கணக்கில் சண்டை போடுங்கள். மாட்டுக்கும் வண்டிக்கும் தந்த மரியாதையை நம் அக்கா தங்கையருக்கும் தந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து திண்ணையில் சாய்த்துவைத்த சைக்கிள்கள் பல மீண்டும் காற்றடைத்துச் சாலைக்கு வரும்.